நோம்பிக் கோழிக்கு ஐஸ் விடும் கணக்கு

உறைந்த கோழிக்கறியை இளக வைக்கப் பாதுகாப்பான வழிகள் மூன்று: ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, குளிர்ந்த நீர், மைக்ரோவேவ் அடுப்பு. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் நடப்பது நான்காவது. நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, முந்தின இரவு ஃப்ரீசரிலிருந்து பொட்டலத்தை எடுத்து, ஒரு குண்டாவில் போட்டு, சமையல் மேடைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் ஐஸ் விட்டுக் கறி இளகியிருக்கும்; இட்லி வேகும் நேரத்தில் குழம்பும் தயாராகிவிடும். வேலை மிச்சம் என்பது உண்மை. கோழிக்கறியைக் கெடுக்க அதைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மை.

கோழிச் சீமையில் ஐஸ் கோழி

கோழிக்குப் பஞ்சமில்லாத சீமை இது. நாமக்கல் முட்டைக்குப் பேர்போனது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரம் கறிக்கோழிக்கு. உடுமலைப்பேட்டையில் 1984-இல் சவுந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் சிறிதாகத் தொடங்கிய சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் கொடுத்து விவசாயியிடம் வளர்ப்புக் கூலிக்கு விடும் ஒப்பந்த முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துத்தான் அன்றைய கடை விலை நிற்கும். கோவையில் தெருவுக்கொரு கறிக்கடை. உயிர்க்கோழியைக் காட்டி, கண்ணெதிரே உரித்துத் துண்டு போட்டுத் தருவார்கள். இங்கே ஐஸ் கோழியை விரும்பி வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் வாங்கிய கறியை வீட்டிலேயே ஐஸ் ஆக்குகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. புரட்டாசி முழுக்கக் கவுச்சி ஒதுக்கும் வீடுகளில் ஐப்பசி பிறந்ததும் கறி எடுப்பது வழக்கம். 2025-இல் அக்டோபர் 18 அன்று ஐப்பசி பிறந்தது, 20-ஆம் தேதி தீபாவளி. அந்த மாதிரி ஆண்டுகளில் ஒரு மாதத்து ஆசையும் நோம்பித் தேவையும் இரண்டே நாளில் கடை வாசலில் சேர்ந்து நிற்கும். கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்தவர்கள் முன்கூட்டியே வாங்கி உள்ளே வைப்பார்கள். பொங்கலில் கணக்கு வேறு. தை 2 திருவள்ளுவர் தினம். அன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிக்கும். மறுநாள் காணும் பொங்கலுக்கு விருந்து வைக்கிற வீடுகளில், கறி சில சமயம் பொங்கலுக்கு முன்பே வந்து ஃப்ரீசரில் உட்கார்ந்திருக்கும். வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களிலும் கடை கிடையாது.

இன்னொரு காரணம் நாட்டுக்கோழி. தாராபுரம், காங்கயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் துண்டு போட்ட கோழி உறவுக்காரர் கையில் பஸ் ஏறி வரும். வந்த அன்றே சமைக்க முடியாவிட்டால் அதுவும் ஃப்ரீசருக்குத்தான் போகும். ஆக, இந்த வட்டாரத்தில் இளக வைக்க வேண்டிய கோழி என்பது சூப்பர் மார்க்கெட்டின் சீல் வைத்த பாக்கெட்டாக இருப்பதைவிட, பாலித்தீன் பையில் சுருட்டிக் கட்டிய ஒரு கிலோ உருண்டையாக இருப்பதே அதிகம். சிக்கலில் பாதி அந்த உருண்டையில்தான் இருக்கிறது.

உறைவது சீக்கிரம், இளகுவது தாமதம்

கோழிக்கறியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர். உறைவதும் இளகுவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் கதை. ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே நீராக்குவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைச் சுழியம் டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம். தொட்டால் கல்லாக இருக்கும் பொட்டலம் மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பனிக்கட்டி, தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கறி உறையும்போது வெளிப்புறம் முதலில் பனியாகிறது. அந்தப் பனி உள்ளிருக்கும் வெப்பத்தை மளமளவென்று வெளியே தள்ளிவிடுகிறது. இளகும்போது நடப்பது தலைகீழ். வெளிப்புறம் முதலில் நெகிழ்ந்து ஈரக் கறியாகிறது. அந்த ஈரக் கறி மந்தமான கடத்தி. வெளிச்சூட்டை நடுப்பகுதிக்குப் போக விடாமல் தடுக்கிறது. அதனால் அதே கறி, அதே கனம், அதே அளவு வெப்பநிலை வேறுபாடு என்றாலும் இளகுவதற்கு ஆகும் நேரம் உறைவதற்கு ஆனதைவிடக் கூடுதல். கனமும் முக்கியம். பொட்டலத்தின் கனம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்கை நெருங்கும்.

மேடைமேல் வைத்த உருண்டையில் என்ன நடக்கிறது என்பது இப்போது தெளிவு. நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேல்தோலும் ஓரத் துண்டுகளும் சமையலறைச் சூட்டுக்கு வந்துவிடும். நடுப்பகுதி இளகும்வரை அந்த ஓரங்கள் மணிக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். ஐப்பசியில் கோவை இரவு 22 டிகிரிக்கு இறங்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரைக் குளிர்விக்கும்தான். ஜன்னல் சாத்திய சமையலறைக்குள் அது வருவதில்லை.

குளிரில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. பச்சைக் கோழியோடு வரக்கூடிய சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்றவற்றை ஃப்ரீசர் ஒழித்துவிடும் என்று நம்புவதற்கில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆபத்தான வெப்பநிலை என்கிறது. வாய்ப்பான சூட்டில் சால்மொனெல்லா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஏழு மணி நேரத்தில் ஒன்று இருபது லட்சத்தைத் தாண்டும். சமையலறைச் சூட்டில் வேகம் அதைவிடக் குறைவு, ஆனால் நிற்பதில்லை. பச்சைக் கறி வெளியே இருக்கலாம் என்று உலக அளவில் ஒப்புக்கொள்ளப்படும் எல்லை 2 மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம். சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்குக் கறி எடுப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

கொதித்தால் போதாதா?

குழம்பு தளதளவென்று கொதிக்கிறது, அதில் எந்தக் கிருமி பிழைக்கும் என்ற கேள்வி நியாயமானது. கேள்வியில் பாதி சரி. சால்மொனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் நன்றாக வெந்த கறியில் மிஞ்சாது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் அவற்றின் கதை முடிந்தது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, கறி சூட்டில் கிடந்த நேரத்தில் நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதிநிலையைத் தாங்கி நிற்கும். கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகளின் வித்துகளும் கொதியில் சாவதில்லை.

மற்றொரு பாதி, சட்டிக்குள் போகாத பொருள்களைப் பற்றியது. கறி இளகும்போது வடியும் சிவந்த நீர் மேடைமேல் ஓடும், கத்தியில் ஒட்டும், கையில் ஒட்டும். அதே கை தேங்காய்ச் சட்னி அரைக்கும். அதே பலகையில் வெங்காயம் நறுக்கிப் பச்சடி போடுவார்கள். பலகாரத் தட்டும் பக்கத்திலேயே இருக்கும். குழம்பு கொதித்து நல்லதாகிவிட, பச்சடி வயிற்றைக் கெடுக்கும். நோம்பிச் சமையலறையில் பத்து வேலை ஒன்றாக நடப்பதால் இந்த வழியாக வரும் ஆபத்தே பெரிது.

கழுவுவதும் இதே கணக்கில்தான் வரும். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசாமல் கோழியைச் சட்டியில் போடும் வீடு கொங்கு நாட்டில் அரிது. கழுவவே வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014-இல் பெரிய பிரசாரமே நடத்தியது. குழாய் நீர் தெறித்துக் கிருமியைச் சுற்றிலும் பரப்புவதுதான் அதன் காரணம். மஞ்சளுக்கும் உப்புக்கும் அந்தக் கிருமியைக் கொல்லும் வலு, சமையலறையில் போடுகிற அளவில் கிடையாது. கழுவியே தீர வேண்டுமென்றால் ஓடும் குழாய்க்கு நேரே பிடிக்காமல், பாத்திரத்தில் நீர் விட்டு மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் சாய்த்துவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவது ஓரளவு ஆபத்து குறைந்த வழி.

கீழ்த்தட்டு

மூன்று வழிகளில் கவலை குறைந்தது ஃப்ரிட்ஜ்தான். கறி முழுவதும் 5 டிகிரிக்குக் கீழேயே இருந்து இளகுவதால் ஓரமும் நடுவும் ஒரே நிலையில் இருக்கும். கேட்கிற விலை, நேரம். முழுக்கோழிக்கான பொதுக் கணக்கு 2 கிலோவுக்கு 24 மணி நேரம். ஒன்றரைக் கிலோ முழுக்கோழி ஒரு நாளில் ஏறக்குறைய இளகிவிடும். வயிற்றுக்குள் ஐஸ் நின்றுவிடுவதால் ஒன்றரை நாள் விடுவது நல்லது. உருண்டையாகக் கட்டிய ஒரு கிலோ துண்டுக்கறிக்கும் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதே ஒரு கிலோவை ஓர் அங்குலக் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறைய வைத்திருந்தால் ஒரு ராத்திரி போதும். காடை போன்ற சிறு பறவைக்கும் ஒரு ராத்திரி போதும்.

இந்தக் கணக்கு ஃப்ரிட்ஜ் நிஜமாகவே 5 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் செல்லும். உள்ளே இருக்கும் திருகியில் 1 முதல் 7 வரை போட்டிருக்கும் எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் ஏற ஏறக் குளிர் கூடும். நோம்பிக்கு முந்தின நாள் இட்லி மாவு, பால், தயிர், மல்லிகைப் பூ, இனிப்புப் பெட்டி எல்லாம் திணித்து, நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் ஃப்ரிட்ஜ், சாதாரண நாளில் காட்டும் குளிரைக் காட்டாது. அன்றைக்குத் திருகியை ஒரு புள்ளி கூட்டி வைப்பதும், மாவுக் குண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுவதும் பலன் தரும்.

எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விளிம்பு உயர்ந்த பாத்திரத்தில், மூடி போட்டு, காய்கறிப் பெட்டிக்கு மேலுள்ள கடைசித் தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் வடியும் நீர் பூவிலும் தேங்காய் மூடியிலும் சொட்டும். சாமிக்கு வைக்கும் பூ இருக்கிற ஃப்ரிட்ஜில் பச்சைக் கறியே நுழையக் கூடாது என்று சொல்லும் வீடுகளும் கணிசம். அவர்கள் ஃப்ரீசரில் உறைய வைப்பதும் இல்லை என்பதால் இந்தக் கட்டுரையின் கவலை அவர்களுக்கு இல்லை.

ஃப்ரிட்ஜில் இளகிய கோழிக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இளகிய பிறகும் ஒன்றிரண்டு நாள் அங்கேயே இருக்கலாம். விருந்து தள்ளிப்போனால் சமைக்காமலே மறுபடி உறைய வைக்கலாம். ருசியில் கொஞ்சம் குறையும், உடம்புக்குக் கெடுதல் இல்லை. மற்ற இரண்டு வழிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் இளகிய கறியைச் சமைத்த பிறகுதான் திரும்ப உறைய வைக்கலாம்.

தொட்டித் தண்ணீர் குளிர்ந்த நீர் அல்ல

முந்தின நாளே எடுத்து வைக்க மறந்தவர்களுக்கு இருப்பது தண்ணீர் வழி. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் வேகம் கூடும். பொட்டலம் கசியாத பையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கறி தண்ணீரைக் குடித்துச் சொதசொதவென்று ஆகும், கிருமியும் தண்ணீரோடு போய் வரும். முழுவதும் முங்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். 450 கிராமுக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு. ஒரு கிலோ பொட்டலம் ஒரு மணிக்கும் சற்று மேலே, ஒன்றரைக் கிலோ கோழி இரண்டு மணிக்குள்.

இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி அமெரிக்கச் சமையலறையில் பிறந்தது. நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு உறைந்த வான்கோழி வாங்குவார்கள். இறைச்சி, கோழி பற்றிய சந்தேகம் கேட்பதற்கென்றே அவர்களின் வேளாண்மைத் துறை 1985-இல் தொலைபேசிச் சேவை தொடங்கியது. குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர் வரும் என்பதை அந்த விதிகள் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. உணவகங்களுக்கான அவர்களின் விதி ஓடும் நீர் 21 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கோவையில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் வெயில் வாங்கிய நீர் அப்படி வராது. சித்திரை, வைகாசி நடுப்பகலில் கை வைத்தால் வெந்நீர். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்று நீரும் பூமிச் சூட்டோடுதான் மேலே ஏறுகிறது. சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் தொட்டியில் ஏறி வெயிலில் நின்ற பிறகு தொட்டித் தண்ணீர்தான்.

எனவே இங்கே தண்ணீர் வழிக்குப் போகிறவர்கள் பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில் நீரைக் கலக்க வேண்டும். விடிகாலைத் தொட்டி நீர் பகலைவிடத் தேவலை. இளகியதும் உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். வெந்நீரில் போடுவதும் வெயிலில் வைப்பதும் மேடைமேல் வைப்பதைவிட மோசம்: நடுப்பகுதி இளகும் முன்பே மேற்பகுதி கிருமிக்கு வேண்டிய சூட்டுக்கு வந்து நிற்கும்.

மைக்ரோவேவ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுண்ணலையை ஐஸைவிடத் தண்ணீர் பலமாக உறிஞ்சும். முதலில் இளகிய ஓரம் மேலும் மேலும் சூட்டை இழுத்து வெந்தே போக, நடு இன்னும் கல்லாக நிற்கும். அதனால்தான் டிஃப்ராஸ்ட் பொத்தான் அலையை விட்டுவிட்டுப் பாய்ச்சுகிறது. நடுவே எடுத்துத் துண்டுகளைப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும். அரைகுறையாக வெந்த ஓரங்கள் இருப்பதால் நேராகச் சட்டிக்குப் போக வேண்டும். அரைக் கிலோவுக்குச் சரி, முழுக்கோழிக்குச் சரிப்படாது.

குழம்புக்கு ஆகும், வறுவலுக்கு ஆகாது

இளக வைக்காமலே சமைக்கலாமா என்றால், சமைக்கலாம். பலருக்குத் தெரியாத, ஆனால் முழுக்கப் பாதுகாப்பான வழி அது. ஐஸோடு சட்டியில் போட்டால் வழக்கமான நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு வேக வேண்டும், அவ்வளவுதான். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் தண்ணிக் குழம்புக்கு இது பொருத்தம். கொதிக்கிற மசாலா நீரில் துண்டு சுற்றிலும் சூடு வாங்கும். நாட்டுக்கோழி எப்படியும் நெடுநேரம் வேக வேண்டிய கறி என்பதால் கவலை இன்னும் குறைவு.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு இது ஆகாது. வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் வதங்க, கறி தன் ஈரத்திலேயே வேக வேண்டிய பண்டம் அது. ஐஸ் துண்டு போட்டால் சட்டி குளிர்ந்து, நீர் விட்டு, வறுவல் கூட்டாகிவிடும். சிந்தாமணி சிக்கனுக்கும் இதே கதி. எண்ணெயில் பொரிப்பதென்றால் ருசியைத் தாண்டிய ஆபத்து: ஐஸ் ஒட்டிய துண்டு காய்ந்த எண்ணெயில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும், மேலே சிவந்த பிறகும் எலும்போரம் பச்சையாக நிற்கும். தம் பிரியாணியில் கறி பச்சையாகவே அடுக்கப்படும் முறையென்றால் ஒரு சிறு ஐஸ் கட்டிகூட மிஞ்சக் கூடாது.

மசாலா பிரட்டி ஊற வைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். இளகிக்கொண்டிருக்கும்போதே தயிரும் மிளகாய்த்தூளும் தடவிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். தயிரின் புளிப்பை நம்பி மேடைமேல் ஊற வைப்பது பழைய சிக்கலுக்கே திரும்புவது.

ஐஸில் இருந்த கோழி வெந்த பிறகு எலும்பைச் சுற்றிக் கறுத்துச் சிவந்து தெரிவது உண்டு. நாற்பது நாள் வயதை ஒட்டி அறுக்கப்படும் பிராய்லரின் எலும்பு இன்னும் கெட்டிப்படாதது. உறைந்து இளகும்போது எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து வெளியே வருகிறது. கெட்டதன் அடையாளம் அல்ல, வேகாததன் அடையாளமும் அல்ல. நிறத்தை வைத்து வெந்ததா என்று முடிவு செய்வது எந்தக் கோழிக்கும் உறுதியான சோதனை ஆகாது. துண்டின் கனத்த இடத்தில் குத்திப் பார்க்கும் வெப்பமானிதான் உறுதி சொல்லும்.

நாள் பார்த்து எடுப்பது

தீபாவளி காலை ஆறு மணிக்கு அடுப்பேற வேண்டிய ஒன்றரைக் கிலோ முழுக்கோழி, அதற்கு முந்தின நாளுக்கும் முந்தின இரவு ஃப்ரீசரை விட்டுக் கீழிறங்க வேண்டும். தட்டைப் பொட்டலம் என்றால் முந்தின நாள் மாலை, பலகார வேலை தொடங்கும்போது இறக்கினால் போதும். காணும் பொங்கல் மதியத்துக்கு, மாட்டுப் பொங்கல் காலையில் இறக்கலாம். அன்று எப்படியும் கடை மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஐந்து கிலோ வான்கோழி வைக்கிற வீடுகள் கோவையில் சில உண்டு. அதற்கு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வேண்டும், அதாவது டிசம்பர் 22-ஆம் தேதியே இறக்க வேண்டும். தண்ணீர் வழியில் ஐந்தாறு மணி நேரம். வளைகுடாவில் வேலைக்குப் போய், பிரேசிலிலிருந்து வரும் ஒரு கிலோ ஐஸ் கோழியை வாங்கிச் சமைக்கும் கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதும். வயிற்றுக்குள் ஈரல், இரைப்பை வைத்த சிறு பை இருந்தால் பாதி இளகியதும் வெளியே எடுத்துவிட்டால் மீதி சீக்கிரம் இளகும்.

உண்மையில் இளக வைக்கும் வேலை உறைய வைக்கிற அன்றே தொடங்கிவிடுகிறது. ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டி, தேதி எழுதி வைத்த பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மெதுவாக உறையும் கறியில் பனிப் பளிங்குகள் பெரிதாகி இழைகளைக் கிழிக்கும். இளகும்போது அதிக நீர் வடிந்து கறி நார்நாராகும். ஆலையில் மைனஸ் 35 டிகிரிக்கும் கீழான காற்றை வீசி உறைய வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

வீட்டு ஃப்ரீசர்கள் எல்லாம் ஒன்றல்ல. ஃப்ரீசர் கதவில் போடப்படும் நட்சத்திரக் குறி ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மின்சிக்கனத்துக்கு வெளியே ஒட்டியிருக்கும் நட்சத்திரம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். மைனஸ் 6 டிகிரி ஃப்ரீசரில் கறி ஒரு வாரம், மைனஸ் 12-இல் ஒரு மாதம். மைனஸ் 18-இல் துண்டுக்கறி 9 மாதம், முழுக்கோழி ஓராண்டு வரை தாங்கும். கடையில் வாங்கும் பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண்ணையும் தேதியையும் பார்ப்பதோடு, அடியில் சிவந்த ஐஸ் கட்டி தேங்கி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வழியில் எங்கோ இளகித் திரும்ப உறைந்த சரக்கு.

கரண்ட் போனால்

நோம்பிக்கு முன்பு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்துவிடுவது உண்டு. காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். நிறைந்த ஃப்ரீசர், கதவு திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் குளிர் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஆகவே ஒரு பகல் மின்தடை ஃப்ரீசரில் இருக்கும் கோழியைத் தொடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சிறு ஐஸ் அறைக்கு இந்த உறுதி இல்லை. கீழ்த்தட்டில் இளகிக்கொண்டிருக்கும் கோழிக்கு எல்லை 4 மணி நேரம். மின்தடை நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வருவதால், கறியைக் கரண்ட் வந்த பிறகு கீழிறக்குவதே சரி. கரண்ட் வந்து பார்க்கும்போது பொட்டலத்தில் ஐஸ் பளிங்கு தட்டுப்பட்டால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி, தொட்டால் குளிராமல் இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

விருந்து சமைத்து விற்கிறவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். இறைச்சியும் கோழியும் 5 டிகிரிக்குக் கீழான குளிர் அறையிலோ மைக்ரோவேவிலோதான் இளக வேண்டும், இளகியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சமையற்கூடச் சோதனைப் பட்டியல். மண்டபத்துக்குச் சமையல் ஒப்பந்தம் பேசுகிறவர்கள் இலைக்கு எத்தனை வகை என்று கேட்பதோடு, கோழி ஐஸ் கோழியா, அதை எங்கே இளக வைப்பீர்கள் என்றும் கேட்டுவிடுவது நல்லது.

மிஞ்சிய குழம்புக்கும் அதே கடிகாரம்தான். அடுப்பிலிருந்து இறக்கி 2 மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். நான்கு நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும். மறுபடி சூடு செய்யும்போது வெதுவெதுப்போடு நிறுத்தாமல் கொதிக்க வைக்க வேண்டும்.